நெற்றியில் விழும் சூடு

உங்கள் ஸ்டேஷனில் டியூப்லைட்டை நேர் தலைக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். அதன் கீழே உட்காருகிற யாருக்கும் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழிகள்தான் தெரியும். நல்லவனும் கள்ளனாகத் தெரிவான். நேற்று எதிரே உட்கார்ந்திருந்தபோது உங்களையே கவனித்தேன், இன்ஸ்பெக்டர் அம்மா. நாற்பதைத் தாண்டாத உங்களை அந்த லைட் ஐம்பத்தைந்தாக்கி வைத்திருந்தது. மூன்றடி முன்னால் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். வெளிச்சத்தில் மூன்றடி என்பது பெரிய தூரம்.

"எழுதத் தெரிஞ்சவர்தானே, நீங்களே உக்காந்து எழுதுங்க" என்று தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. பேசும்போது நடுவில் யாராவது இருமுவார்கள், போன் அடிக்கும், டீ வரும். எழுத்தில் அந்த அசிங்கம் இல்லை.

என் பெயர் சந்திரசேகர். வயது நாற்பத்தொன்பது. பிறந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டை. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடங்களாக நாடகங்களுக்கு லைட் போடுகிறேன். மலையில் வேறு யாருக்கும் இந்த வேலை தெரியாது. தெரியும் என்று சொல்லிக்கொள்பவர்கள் சிவப்பும் பச்சையும் சுழலவிட்டுக் கல்யாண மண்டபம் ஆக்கிவிடுவார்கள். அதைப் பார்த்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

வெளிச்சம் போடுவது என்றால் பல்பை எரியவிடுவது என்று நினைக்கிறார்கள். ஒரு முகத்துக்கு முன்னாலிருந்து இரண்டு விளக்குகள் வேண்டும். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, இரண்டும் மேலிருந்து சாய்வாக. ஒன்றுக்கு மஞ்சள் பேப்பர், இன்னொன்றுக்கு வெளிர்நீலம். அப்போதுதான் முகத்துக்கு மேடு பள்ளம் வரும். ஒரே விளக்கை நேர் எதிரே வைத்தால் ரேஷன் கார்டு போட்டோதான். அப்புறம் பின்னாலிருந்து ஒன்று. அது இல்லாவிட்டால் ஆள் பின்திரையோடு ஒட்டிப்போவார். பின்விளக்குதான் தலைமுடிக்கும் தோளுக்கும் கோடு போட்டு, உடம்பின் உருவத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கும். பின்விளக்கைப் பற்றி நான் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நேற்று நீங்கள் மூன்று தடவை கேட்ட கேள்விக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

இருட்டும் என் வேலைதான். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விஜயகுமார் சாரைப் பார்த்தீர்கள். ஓய்வுபெற்ற வாத்தியார், எங்கள் குழுவின் டைரக்டர். "சேகரு, இந்த எடத்துல கொஞ்சம் செவப்பு ஏத்துங்க, கோவம் வரட்டும்" என்பார். கோபம் நடிகனுக்கு வர வேண்டும், பல்புக்கு ஏன் வர வேண்டும் என்று கேட்க நினைப்பேன். கேட்டதில்லை. சிவப்பை ஏற்றுவது போல் போக்குக் காட்டிவிட்டு ஏற்றாமல் விடுவேன். அவரும் "ஆங், இப்பச் சரி" என்பார். குரங்கு கையில் பூமாலை கொடுக்காமல் இருப்பதும் ஒரு சேவைதான்.

நாங்கள் நாடகம் போடும் இடம் உங்களுக்குத் தெரியும். மஞ்சக்குட்டை போகிற வழியில் இருக்கிற பழைய ஷெட். ஒரு காலத்தில் எஸ்டேட்காரர்கள் காப்பிப் பழம் கழுவிய இடம். கழுவிய கொட்டையை ஊறவைக்கும் சிமெண்டுத் தொட்டி நடுவில் இருக்கிறது. ஒன்பதடி ஆழம். அந்தத் தொட்டியை ஒட்டி நாலடி உயரத்துக்கு மேடை கட்டினார்கள். தொட்டியின் மேல் எப்போதும் கனமான பலகைகள் போட்டு மூடியிருக்கும், அதன் மேல்தான் முதல் வரிசை நாற்காலிகள். இந்த நாடகத்துக்கு மட்டும் பலகைகளை எடுத்தோம். மேடைக்கு முன்னால் ஏரி வேண்டும் என்றார் விஜயகுமார் சார். தொட்டிக்குள் நீல எல்.இ.டி. வைத்துக் கீழிருந்து அடித்தால் தண்ணீர் அசைவது போலவே இருக்கும் என்று யோசனை சொன்னது நான். அது நல்ல யோசனை. அப்போது என் மனதில் வேறு எதுவும் இல்லை. இதை நீங்கள் நம்பலாம்.

எனக்கு அருவருப்பு அதிகம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் கம்பியைக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பேன். ஷேர் ஜீப்பில் ஈரக் கம்பளியும் வெற்றிலை எச்சிலுமாக இடித்துக்கொண்டு உட்காருவதைவிட நடந்தே போய்விடுவேன். நாடகக் குழு என்றால் இதெல்லாம் இரட்டிப்பு. பஜ்ஜி தின்ற எண்ணெய்க் கையைத் திரையில் துடைப்பார்கள். ஒருத்தர் வேர்வை ஊறிய சட்டையை இன்னொருத்தர் எடுத்து மாட்டிக்கொள்வார். ஒரே சீப்பு ஏழு தலைக்குப் போகும். விளக்குகளை இயக்க நான் ஏறி உட்காரும் பரணிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். அங்கிருந்து பார்க்கிறவனுக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை வருவது கஷ்டம்.

அதில் முதல் ஆள் சித்தன். செம்மநத்தத்துக்காரர், அறுபது வயது. காப்பியும் மிளகும் பயிரிட்டிருந்தார். ஓயாமல் மூக்குப்பொடி. பொடி உறிஞ்சின விரலாலேயே மேக்கப் டப்பாவைத் திறப்பார். வேட்டி நுனியில் மூக்கைச் சிந்திவிட்டு, அதே கையால் "ஏனுங்க லைட்டுக்காரரே, நல்லாருக்கறீங்களா" என்று என் கையைப் பிடித்துக் குலுக்குவார். ஒவ்வொரு தடவையும் பின்பக்கக் குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவேன். பையில் அதற்காகவே ஒரு சோப்பு வைத்திருக்கிறேன்.

ஆனால் மேடை ஏறிவிட்டால் அவர் வேறு ஆள். உண்மையை மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் என் வெளிச்சத்தை அறிந்து நின்ற ஒரே நடிகர் அவர்தான்.

நாடகம் சின்னக் கதை. கண் தெரியாத கிழவன், அவனுடைய மகள். மகள் பிழைப்புத் தேடிக் கீழே சேலத்துக்குப் போய்விடுகிறாள். கடைசிக் காட்சியில் கிழவன் தன்னந்தனியாக ஏரிக்கரை வரை நடந்து வந்து, நின்று, முகத்தை உயர்த்தி, "விடிஞ்சிருச்சா கண்ணு?" என்று கேட்பான். விளக்கு மெல்ல அணையும். அவ்வளவுதான். கடைசி ஆட்டத்துக்கு முன் மூன்று ஆட்டங்கள் நடந்தன, மூன்றிலும் ஜனங்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

கிழவன் வேஷத்தில் சித்தன் முழு நேரமும் கண்ணை மூடியே இருப்பார். அரைக்கண் திறந்து நடியுங்கள், யாருக்கும் தெரியாது என்று டைரக்டர் சொன்னார். "அது பொய்யாப் போயிருமுங்க" என்றுவிட்டார். காலடியை எண்ணி நடங்கள் என்றார். "எண்ணிட்டே நடந்தா மூஞ்சி கணக்குப் போடற மூஞ்சியாயிருமுங்க." அப்போதுதான் நான் ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன். கடைசிக் காட்சியில் ஒரே ஒரு ஆயிரம் வாட் ஸ்பாட் மட்டும் எரியும். பழைய காலத்து ஹாலஜன் விளக்கு, நெருப்புத் துண்டு மாதிரி சூடு. தை மாதக் குளிரில் அந்தச் சூடு முகத்தில் நன்றாகவே தெரியும். நடந்து வாருங்கள், சூடு ஏறிக்கொண்டே வரும், எந்த இடத்தில் நெற்றி பொரிகிறதோ அங்கே நில்லுங்கள் என்றேன். அந்த இடத்தை மேடை விளிம்புக்கு இரண்டடி இப்பால் வைத்திருந்தேன்.

முதல் ஒத்திகையிலேயே வந்து நூல் பிடித்த மாதிரி நின்றார். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

ஆனாலும் விஜயகுமார் சாருக்குப் பயம். விளிம்பை ஒட்டித் தேங்காய்நார்க் கயிறு ஒன்றை ஆணி அடித்து வைக்கலாம், காலில் தட்டுப்பட்டால் நின்றுகொள்ளலாம் என்றார். சித்தன் ஒத்துக்கொள்ளவில்லை. "கவுறு இருக்குதுன்னா காலு அதையே தேடுமுங்க. வேண்டாமுங்க. அதான் லைட்டுக்காரரு மேல இருக்கறாரே." எல்லோரும் பரணைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

இப்போது மலரைப் பற்றி. மகள் வேஷம் போடுகிற பெண், அங்கன்வாடியில் வேலை. இருபத்தேழு வயது. என்னை லைட்டண்ணா என்று கூப்பிடுவாள். குழுவில் சுத்தமான ஆள் அவள் ஒருத்திதான். தனக்கென்று தனிச் சீப்பு, தனித் துண்டு, சுருக்குப் பையில் போட்டு வைத்திருப்பாள். நாடகத்தில் மூன்று தடவை சேலை மாற்ற வேண்டும். மேடைக்குப் பின்னால் வெள்ளை வேட்டி கட்டி ஒரு மறைப்பு செய்து கொடுத்தார்கள். உள்ளே ஒரே இருட்டு. தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தோன்றியது. மற்றவர்களுக்குப் பஜ்ஜி ஞாபகம். நானாகவே வயர் இழுத்து, அவள் நிற்கும் இடத்துக்குப் பின்னால், சுவரோரமாக ஒரு நூறு வாட் பல்பு மாட்டினேன்.

நேற்று நீங்கள் கேட்டது அந்த பல்பைப் பற்றித்தான். பின்விளக்கு உருவத்தைப் பிரித்துக் கொடுக்கும் என்று மேலே எழுதியிருக்கிறேன். வேட்டித்துணி மெல்லியது. என் பரண் அந்தப் பக்கம் பார்த்தபடி இருக்கிறது. நான் பரணைக் கட்டவில்லை. ஷெட் கட்டினவன் கட்டினது. ஒரு லைட்டுக்காரன் தான் மாட்டிய விளக்கு சரியாக எரிகிறதா என்று பார்க்கத்தான் செய்வான். எல்லா ஒத்திகையிலும் பார்த்தேன். கோடு அவ்வளவு சுத்தமாக விழுந்தது. அழகான ஒன்றைப் பார்ப்பது எப்படி அசிங்கமாகும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஒத்திகையில் சித்தன் எனக்கு டீ கொண்டுவந்தார். பரண் ஏணி ஏறி அவர் வந்தது எனக்குக் கேட்கவில்லை. டம்ளரை நீட்டின கை அப்படியே நின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒருவேளை இந்தத் தாளை நான் எழுத வேண்டியிருக்காது.

"அந்த பல்பக் கழட்டி இந்தப் பக்கமா மாட்டிப்போடுங்க" என்றார். "நம்மூட்டுப் புள்ளைங்க அது. உங்களை அண்ணான்னு கூப்புடுதுங்க. நான் ஆருகிட்டயும் சொல்லமாட்டனுங்க. நாளைக்கு ஆட்டத்தோட நீங்களா நின்னுக்கோங்க. இல்லீனா சொல்லத்தான் வேணும்."

டம்ளரை என் கையில் கொடுக்கவில்லை. விளக்குகளை ஏற்றி இறக்கும் டிம்மர் பெட்டிமேல் வைத்தார். வைக்கும்போது பெட்டிமேல் இருந்த என் விரலில் அவர் விரல் பட்டது. உடனே கையை இழுத்துத் தோள்துண்டில் துடைத்தார். ஒரு விரல்கூட விடாமல் அழுத்தித் துடைத்தார். சாணியை மிதித்தவன் காலைத் தேய்ப்பானே, அப்படி. முகத்தில் அதே சுளிப்பு. வாய் முழுக்க எச்சில் ஊறி, துப்ப இடம் பார்த்து, இடமில்லாமல் விழுங்கினார்.

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மூக்குச் சிந்தின கை அது. அந்தக் கை என்னைத் தொட்டதற்காகத் துடைத்துக்கொண்டது. அவருக்காக நான் கரைத்த சோப்பு எத்தனை என்று அவருக்குத் தெரியாது.

நான் கீழே இறங்கி பல்பை இடம் மாற்றினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அதையும் சொல்லிவிடுகிறேன், மறுநாள் மத்தியானம் யாரும் வருமுன் மறுபடி பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். நீங்கள் வந்து பார்த்தபோது அது அங்கே இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அதே மத்தியானம் ஸ்பேனரோடு உத்தரத்தில் ஏறினேன். ஸ்பாட்டைப் பைப்போடு பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தினேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு விளக்கை ஓரிடத்துக்குக் குறிவைத்து முடுக்கியதும் கிளாம்பிலும் பைப்பிலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். யாராவது தட்டி ஆட்டிவிட்டால் கோடு பார்த்து நேராக்கலாம். அன்று அந்தக் கோடு இரண்டு விரற்கடை பிசகும்படி விளக்கைக் கீழே சாய்த்து முடுக்கினேன். மேலே இரண்டு விரற்கடை, கீழே அது மூன்றடி. கணக்குச் சரியாக வந்தது. நெற்றி பொரிகிற இடம் இப்போது விளிம்பைத் தாண்டி ஓரடி வெளியே, தொட்டிக்கு நேர்மேலே நின்றது. கோட்டை அழித்துப் புதுக்கோடு போட்டிருக்கலாம். போடவில்லை. தவறான இடத்தைச் சரியான இடம் என்று குறிப்பது என் தொழிலுக்குச் செய்கிற துரோகம்.

ஆறரைக்கு ஆட்டம். ஆறு மணிக்கு சித்தன் மேக்கப்போடு என்னிடம் வந்தார். அவர் முந்தைய நாளே முடிவு செய்து, என் லைட்டை நம்ப முடியாது, கயிறு அடியுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "நேத்துப் பேசுனது வேற, வேலை வேறங்க" என்றார். "நீங்க பாத்துக்குவீங்கன்னு கண்ண மூடிக்குவன். வேலைல நீங்க சுத்தமுங்க."

சுத்தம் என்ற வார்த்தையை அந்த வாயிலிருந்து கேட்க எனக்கு அருவருப்பாக இருந்தது. போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். அவர் அன்று கை கொடுக்கவில்லை, ஆனாலும் கழுவினேன்.

ஷெட் நிறைந்திருந்தது. என் இருட்டைக் கெடுக்கக் கூடாது என்று எல்லோர் போனையும் வழக்கம்போல வாசலிலேயே வாங்கி வைத்திருந்தார்கள். வெளியே பனி இறங்கி, உள்ளே மூச்செல்லாம் புகையாக வந்துகொண்டிருந்தது. ஆட்டம் நன்றாகப் போனது. மலர் மூன்று தடவை சேலை மாற்றினாள். கடைசிக் காட்சி வந்தது. மற்ற எல்லாவற்றையும் இறக்கி, ஸ்பாட்டை மட்டும் பத்து எண்ணுவதற்குள் ஏற்றினேன். தொட்டியில் நீலம் அசைந்தது.

சித்தன் நடந்து வந்தார். வழக்கமான இடத்துக்கு வந்ததும் நின்றார். உடம்புக்குப் பழக்கம் இருக்கும் அல்லவா. முகத்தை லேசாக உயர்த்தித் தேடினார். சூடு இருந்தது, ஆனால் போதவில்லை. அவர் தன் காலை நம்புவாரா, என் வெளிச்சத்தை நம்புவாரா என்று பார்த்தேன். சன்னமாகச் சிரித்துக்கொண்டார். ஒரு அடி வைத்தார். நெற்றியில் வெளிச்சம் ஏறியது. இன்னொரு அடி வைத்தார்.

ஜனங்கள் கைதட்டினார்கள். கிழவன் ஏரியில் இறங்கிவிட்டான், இதுதான் புது முடிவு என்று நினைத்துக்கொண்டார்கள். பதின்மூன்றடிக் கீழே ஒரு மனிதர் சிமெண்டில் கிடக்க, ஆரஞ்சு உரித்துத் தின்று தோல் நாறும் கைகளால் அவ்வளவு பேரும் தட்டினார்கள். மனிதர்களைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்தது சரிதான்.

என் குறிப்பேட்டில் அதற்கடுத்து எழுதியிருப்பது, மெல்ல அணை, முழு இருட்டு, பத்து எண்ணு, பிறகு ஹால் லைட். மெல்ல அணைத்தேன். நீலத்தையும் அணைத்தேன். எண்ணினேன். பத்தில் நிறுத்தாமல் நூற்றிருபது வரை எண்ணினேன். கைதட்டல் ஓய்ந்தது. தொட்டிக்குள்ளிருந்து முனகல் கேட்டது. எனக்கும் கேட்டது. விஜயகுமார் சார் "லைட்டு, லைட்டு" என்று கத்திக்கொண்டு நாற்காலிகளில் முட்டிக்கொண்டார். டாக்டர் உங்களிடம் சொன்னாராம், உடனே எடுத்துப் போயிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று. இருக்கலாம். அவர் தொழில் அவருக்குத் தெரியும்.

நூற்றிருபது முடிந்ததும் ஹால் லைட்டைப் போடாமல் மேடையின் பின்விளக்கை ஏன் போட்டேன் என்று கேட்டீர்கள். மலர் இருட்டிலேயே ஓடிவந்து விளிம்பில் மண்டியிட்டிருந்தாள். ஹால் லைட் தட்டையானது. பின்விளக்கு அவள் தோளிலும் அவிழ்ந்த கூந்தலிலும் கோடு போட்டது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். அதற்குமேல் விஜயகுமார் சாரே சுவிட்சைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஜீப்பில் சேலத்துக்கு இறக்கினார்கள். மலையிறங்கி முடிவதற்குள் உயிர் போய்விட்டது. போவதற்குமுன் மலர் மடியில் படுத்துக்கொண்டு, "சூடு தள்ளிப் போயிருச்சு கண்ணு" என்று சொன்னாராம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பல்பைப் பற்றியும் இல்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்றவர் சொல்லாமலே போனார். அவர் விளக்கைப் பற்றித்தான் சொன்னார். அந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் ஏணி வைத்து ஏறி, பிசகின வெள்ளைக் கோட்டைப் பார்த்திருக்கிறீர்கள். கெட்டிக்காரர்தான்.

ஆகவே, ஸ்பாட்டைத் திருப்பியது நான். விழுவார் என்று தெரிந்து திருப்பினேன். இருட்டை நூற்றிருபது எண்ணும்வரை வைத்திருந்ததும் நான். சித்தனைக் கொன்றது நான்தான். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். மே மாதம் சித்தன் நினைவாக இதே நாடகத்தை மறுபடி போடப் போகிறார்களாம். மலரே மகளாக நடிக்கிறாளாம். புதிதாக வருகிற லைட்டுக்காரரிடம் சொல்லிவையுங்கள், வேட்டி மறைப்புக்குள் இருக்கும் பல்பை மட்டும் நான் மாட்டின இடத்திலிருந்து எடுக்க வேண்டாம் என்று. இருட்டில் தடுக்கி அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாது. அந்தக் கூட்டத்தில் அவளை அண்ணன் மாதிரிப் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான் இருந்தேன்.